கெப்பெட்டிபொலவின் மண்டையோடும் ஹாஜி முகாந்திரமும்



தலதா மாளிகைக்கு முன்னால் மஹமலுவவில் நிற்கிற கெப்பெட்டிபொல நினைவுத்தூணைக் கண்டியில் பார்க்காதவர் இல்லை. அங்கே ஒரு மண்டையோடு அடக்கப்பட்டிருப்பது என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

மொனரவில கெப்பெட்டிபொல, எஹெலபொல குமாரிஹாமியின் சகோதரர். 1814இல் அரசன் அவரையும் பிள்ளைகளையும் கொல்வித்தான். மறு வருடம் மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட பிரதானிகளில் கெப்பெட்டிபொலவும் ஒருவர். அவர் ஏன் வெள்ளைக்காரர் பக்கம் போனார் என்று கேட்பவர்கள் அந்தச் சாவுகளை மறந்துவிடக் கூடாது.

இனி நம்மவர் கதை. வெல்லஸ்ஸவில் தவள மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிப்போன முஸ்லிம்கள் மடிகே பிரிவினர். அவர்கள் சிங்களத் திசாவைக்குக் கீழே இருந்தார்கள். 1817இல் ஆங்கிலேயர் அவர்களைப் பிரித்தெடுத்து, தமக்கு விசுவாசமான ஹாஜி மரைக்காரை முகாந்திரமாக்கினார்கள். திசாவையின் அதிகாரம் குறைந்தது, ஊர் கொதித்தது. கிளர்ச்சிக்காரர் ஹாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். கலகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தீ பற்றிய இடம் இது.

அடக்கி வரும்படி அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, கொடுத்த துப்பாக்கிகளை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். அந்த மனுஷனின் மானம் அப்படி!

1818 நவம்பர் 26, போகம்பறை. அதற்கு முன் தலதா மாளிகையில் வணங்கித் தன் மேல்துண்டைக் காணிக்கையாகக் கொடுத்தார். துண்டு அழுக்கும் கிழிசலும்தான், அதனால் புண்ணியம் குறையாது என்று சிரித்தபடி சொன்னாராம். எழுதி வைத்தவர் ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர். அவர்தான் மண்டையோட்டை எடுத்துப்போய் எடின்பரோவின் மண்டையோட்டு ஆய்வுச் சங்கத்துக்குக் கொடுத்தவரும். மண்டையின் மேடுபள்ளத்தில் குணத்தைப் படிக்கலாம் என்று அன்று நம்பினார்கள். சுதந்திரத்தை ஒட்டித்தான் அது நாடு திரும்பியது. 1954இல் மஹமலுவவில் அடக்கினார்கள்.

ஹாஜியைத் துரோகி என்று ஒதுக்குவதும், நமக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பிரித்து வைத்தவன் ஆங்கிலேயன். பலியானவர்கள் இரு பக்கமும்.

கலகெதரப் பக்கம் இன்றும் மடிகே என்று ஓர் ஊர் இருக்கிறது. உங்கள் மூத்தவர்கள் தவளம் ஓட்டியவர்களா? வாப்பா, அப்பா காலத்துக் காணி உறுதிகளில் ‘கெதர’ என்று முடியும் வீட்டுப் பெயர் இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து வீசிவிடாமல் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள்.