உள்ளூர் ரக்பி: சமுதாய வானொலியின் நேர்முக வர்ணனை

தொலைக்காட்சியில் இடம்பெறாத உள்ளூர் ரக்பி யூனியன் ஆட்டங்களை, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் சமுதாய வானொலிகள் நேர்முக வர்ணனையாக ஒலிபரப்புகின்றன. அணிக்கு 15 பேர் மோதும் 80 நிமிட ஆட்டத்தில், பந்து எங்கே, யார் கையில் என்பதை இடைவிடாது சொல்வதே வர்ணனையாளரின் பணி.

பிரிட்டனில் இதன் தொடக்கம், 1927 ஜனவரி 15 அன்று ட்விக்கன்ஹாமில் நடைபெற்ற இங்கிலாந்து–வேல்ஸ் ஆட்டம். பிபிசிக்காக வர்ணித்த டெடி வேக்லாமின் அருகே பார்வையற்ற ஒருவர் அமர்த்தப்பட்டார்; அவருக்கு விளக்குவதுபோலப் பேசுமாறு வேக்லாம் அறிவுறுத்தப்பட்டார். களத்தைக் கட்டங்களாகப் பிரித்த வரைபடம் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் வெளியானது. பந்து இருக்கும் கட்டத்தின் எண் ஒலிபரப்பில் அறிவிக்கப்பட்டது.

முதுமையாலோ நோயாலோ மைதானம் செல்ல இயலாதோரிடம், சொந்த ஊர் அணியின் ஆட்டத்தை இன்றும் கொண்டுசேர்ப்பது இத்தகைய குரலே.