என்ஜின் மாற்றிய லாரி: ஒரு வரலாறும் ஓர் அமானிதமும்

 

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, எம் மத்ரஸா மாணவர் ஒருவரின் தந்தை என்னை நிறுத்தினார். லாரி வைத்துத் தொழில் செய்பவர். "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். என் வண்டி பழைய வண்டி. என்ஜின் போய்விட்டது. வேறு மாடல் டீசல் என்ஜின் ஒன்றை வாங்கி ஏற்றியிருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போது விற்கப் போகிறேன். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டுமா?" என்று கேட்டார்.

ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என் நன்னாவின் இடது காலை நினைவூட்டியது. அந்தக் கால் ஏன் இறுதிவரை இழுத்து நடந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், லாரிகளுக்கு என்ஜின் மாற்றிய வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் இல்லாத காலம்

காஞ்சிபுரம் நெசவால் வாழும் ஊர். ஆனால் பட்டு நூல் இங்கே விளைவதில்லை. அது பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். சரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். சுற்றுவட்டாரத்து நெல்லும் அரிசியும் வெளியூர் செல்ல வேண்டும். எனவே தறியோடு சக்கரமும் ஓடினால்தான் இவ்வூரில் அடுப்பு எரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அந்தச் சக்கரம் தடுமாறியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலன்களைச் செய்து பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அளித்தனர். வண்டியோடு பொருத்திய உயரமான உருளையில் மரக்கரியை மூட்டி, அதில் எழும் வாயுவை என்ஜினுக்கு அனுப்புவார்கள். வேகமும் இழுவையும் குறைந்தன. ஆயினும் வண்டிகள் ஓடின. இருக்கின்ற வண்டியை விட்டுவிடாமல் அதன் உயிர்நிலையை மாற்றி ஓட்டும் பழக்கம் நம் நாட்டுப் பட்டறைகளில் அன்றே வேரூன்றிவிட்டது.

போர் முடிந்தபின், படைகள் பயன்படுத்திய செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் விற்பனைக்கு வந்தன. உறுதியான சட்டம், வலுவான அச்சு. ஆனால் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும் என்ஜின். வாங்கியவர்களுக்கு வண்டி மலிவு, ஓட்டம் செலவு என்ற நிலை.

டீசல் வந்த வழி

முஸ்லிம்களாகிய நம்மில் சிலர், எந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் அதை நம் முன்னோர்தாம் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவிடுகிறோம். உண்மை அதைவிட அடக்கமானது. தியார்பக்கிரில் வாழ்ந்த அல்ஜஸரீ, 1206இல் முடித்த தம் இயந்திர நூலில், சுழலும் இயக்கத்தை முன்பின் இயக்கமாக மாற்றி நீர் இறைக்கும் இரட்டை உருளை எக்கியை விவரித்துள்ளார். இன்றைய என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடித் தண்டைச் சுழற்றுவதைக் காணும்போது அந்தப் பெருமகனை நினைப்பதில் தவறில்லை. எரிபொருளால் ஓடும் என்ஜின் அவருடையது என்று சொன்னால்தான் தவறு. சரக்கில் மட்டுமன்றி வரலாற்றிலும் கலப்படம் கூடாது.

டீசல் என்ஜின் ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசலின் உழைப்பு. 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலானதை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி என்ஜின்கள் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கும்போது டீசல் காணாமற்போனார். அவர் உடல் பின்னர் கடலில் கண்டெடுக்கப்பட்டது. தம் பெயர் கொண்ட லாரிகள் சாலையில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. அவை 1920களில்தான் வந்தன.

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே சென்று, மின்பொறியால் எரிகின்றன. டீசல் என்ஜினிலோ காற்று மட்டும் உள்ளே சென்று, பதினாறில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் சிறிதாகவோ அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தில் காற்று தானே கொதித்துச் சூடேறும். அப்போது நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் பொறியின்றியே எரிகிறது. அழுத்தம் மிகுதி என்பதால் உறுப்புகள் கனமாக இருந்தாக வேண்டும். அதனால்தான் டீசல் என்ஜின் எடை மிக்கது; அதே காரணத்தால் சிக்கனமும் ஆயுளும் மிக்கது.

1932இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய நிறுவனம், சாதாரண லாரியில் பெட்ரோல் என்ஜின் இருந்த இடத்திலேயே அடங்கும் டீசல் என்ஜின்களைச் செய்தது. அவற்றுள் பி6 என்ற ஆறு உருளை என்ஜின் புகழ்பெற்றது: 4.7 லிட்டர், 83 குதிரைத்திறன். பழைய பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்ற உலகெங்கும் அது பயன்பட்டது. 1840இல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், 1950களில் செம்பியம் ஆலையில் அதை உற்பத்தி செய்தது.

அதே காலத்தில், 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளும், எண்ணூரிலிருந்து லேலண்ட் வண்டிகளும் வரத் தொடங்கின. அவை பிறப்பிலேயே டீசல் வண்டிகள். புதியது வாங்க வசதியுள்ளவர் அவற்றை வாங்கினர். வசதியில்லாதவர், கையில் இருந்த பழைய பெட்ரோல் லாரிக்கு டீசல் என்ஜின் ஏற்றினர். பின்னாளில் அம்பாசடர் காருக்கும் ஜீப்புக்கும் மெட்டாடோர் என்ஜின் ஏற்றி ஓட்டியதை நம்மில் பலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அதுவும் இந்த மரபின் தொடர்ச்சியே.

என்ஜினோடு மாற வேண்டியவை

என்ஜினைச் சங்கிலியில் தூக்கி உள்ளே இறக்குவது எளிய பகுதி. கடினமானவை அதற்குப் பின்புதான் வருகின்றன.

புதிய என்ஜினின் பின்முகமும் பழைய கியர் பாக்ஸின் முன்முகமும் பொருந்தாது. இரண்டிற்கும் நடுவே கனத்த இரும்புத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து பூட்ட வேண்டும். இரண்டு தண்டுகளின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனியே நெய்யப்பட்டுக் கோர்வையில் பிணைகின்றன. சேலை கிழிந்தாலும் கோர்வை விடக் கூடாது என்பார்கள் நம் நெசவாளர்கள். என்ஜின் மாற்றத்திலும் தொழிலாளியின் நேர்மை தெரியுமிடம் அந்த இணைப்பே.

டீசல் என்ஜினின் எடையைத் தாங்க முன்பக்க ஸ்பிரிங்கில் பட்டை சேர்க்க வேண்டும். பெட்ரோல் என்ஜினைவிட அது மெதுவாகச் சுற்றுவதால், பின்னச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றாவிட்டால் வண்டியின் வேகம் குறையும். சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் பெட்ரோல் என்ஜின் நின்றுவிடும். அக்காலத்து டீசல் என்ஜின் நிற்காது. டீசல் வரத்தை அடைக்கத் தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். அன்றைய பல பெட்ரோல் லாரிகளில், என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்புவிசையே ஓட்டுநரின் காலுக்குத் துணையாகி பிரேக்கை அழுத்தியது. டீசல் என்ஜினுக்குள் காற்று பெரிதும் தடையின்றி நுழைவதால் போதிய இழுப்பு உண்டாவதில்லை. அதற்கென வேக்குவம் பம்ப் ஒன்றைத் தனியாகப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டாலும் வண்டி கிளம்பும், ஓடும், காலி வண்டியாயின் நிற்கவும் செய்யும். பாரம் ஏற்றிய பின்புதான் பெடல் கல்லாய் இறுகும்.

நன்னாவின் கால்

என் நன்னா 1960களின் தொடக்கத்தில் அரிசி ஏற்றும் லாரி ஒன்றில் கிளீனராக இருந்தார். அவருடைய முதலாளி அந்த லாரியை அப்போதுதான் வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தார். பெட்ரோல் வண்டிக்கு டீசல் என்ஜின் ஏற்றியிருந்தார்கள். விற்றவர், "கம்பெனி வண்டி போலவே ஓடும்" என்று மட்டும் சொன்னார். பிரேக்குக்கு வேண்டிய பம்ப் பூட்டப்படவில்லை என்பதைச் சொல்லவில்லை.

முதல் பாரத்தோடு தாமல் ஏரியை ஒட்டிய சாலையில் வந்தபோது, முன்னால் ஒரு மாட்டு வண்டி. ஓட்டுநர் இரு கால்களாலும் பெடலை மிதித்தும் லாரி நிற்கவில்லை. மாட்டு வண்டியைக் காக்க அவர் ஓரத்துப் பள்ளத்தில் இறக்கினார். அல்ஹம்துலில்லாஹ், எவரும் மரணிக்கவில்லை. சரிந்த மூட்டைகளுக்கு அடியில் நன்னாவின் கால் சிக்கியது. அதன்பின் அவர் லாரி ஏறவில்லை. குழந்தையாக நான் அவர் மடியில் இருந்தபோது அந்தக் காலைத் தடவிக்கொண்டே, "என்ஜின் மாற்றியது குற்றமில்லை, தம்பி. சொல்லாமல் விட்டதுதான்" என்பார்.

மார்க்கமும் சட்டமும்

கடைத்தெருவில் தானியக் குவியலைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று, மழையின் விளைவு. ஈரத்தை அடியில் வைத்ததுதான் அவர் செயல்.

இதன்மீதே ஃபிக்ஹ் அறிஞர்கள், மறைந்த குறையைக் கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்ற சட்டத்தை வகுத்தனர். அதற்குக் 'கியாருல் ஐப்' என்று பெயர். பிற்காலத்தில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரிகள் இருந்தனர். அவர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள், பழைய பஞ்சைப் புதிய பஞ்சோடு கலந்து விற்பதைக்கூடத் தடுத்தன.

நாட்டின் சட்டமும் இதையே வேறு மொழியில் பேசுகிறது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வாகன மாற்றங்களுக்கு விதி இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதிக்கப்பட்ட மாற்றத்தையும் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. என்ஜின் எண் ஆர்.சி.யில் ஒன்றாகவும் வண்டியில் வேறாகவும் இருந்தால், பின்னாளில் விபத்து நேரும்போது காப்பீடு கேட்டு நிற்கும் குடும்பம்தான் அலைய நேரிடும்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: "முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று கணக்கைச் சரிசெய்யுங்கள். பதிவு செய்ய இயலாத மாற்றம் என்றால் அந்த வண்டியைச் சாலைக்கு அனுப்பாதீர்கள். பதிவாகிவிட்டால், வாங்குகிறவரைப் பட்டறைக்கே அழைத்துச் செல்லுங்கள். எந்த என்ஜின், எங்கே வாங்கியது, எதையெல்லாம் உடன் மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்று மெக்கானிக் முன்னிலையில் சொல்லுங்கள். விலை குறையலாம். அந்தக் குறைவு உங்கள் பிள்ளைகளின் உணவை ஹலாலாக்கும் விலை."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பிரேக்கை நானே இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறேன், ஹஜ்ரத்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் விற்கும் வண்டியில் நாளை ஏறப்போகும் கிளீனர் பையனின் முகம் நமக்குத் தெரியாது. அவனும் ஒரு தாயின் பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உண்மையாக இருக்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.