கோட்டுப் பையில் ஏழு குண்டுகள்

1800-ஆம் ஆண்டு மினோர்காத் தீவின் மஹோன் துறைமுகத்தில் ‘ஸ்பீடி’ கப்பலின் பொறுப்பை ஏற்றபோது தாமஸ் காக்ரேனுக்கு வயது 24. ஸ்பீடியைப் போர்க்கப்பல் என்று சொல்லவே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். இரண்டு பாய்மரம், 158 டன், பக்கத்துக்கு ஏழாக 14 பீரங்கிகள். ஒவ்வொன்றும் சுடுவது நான்கு பவுண்டு குண்டு. இரண்டு கிலோகூடத் தேறாது. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து முழங்கினாலும் எதிரியை நோக்கிப் போவது 28 பவுண்டு இரும்புதான். அத்தனை குண்டுகளையும் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டு தளத்தில் உலாத்தியதாகக் காக்ரேனே பின்னாளில் எழுதினார். மனிதர் நல்ல உயரம். கேப்டன் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. சவரம் செய்ய வேண்டுமென்றால் கூரைச் சாளரத்தைத் திறந்து தலையை வெளியே நீட்டி, மேல்தளத்தையே மேசையாக்கிச் சாமான்களைப் பரப்பிக்கொள்வாராம்.

ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. பட்டம் இருந்தது, பணம் இல்லை. தந்தை ஒன்பதாவது டண்டொனால்டு பிரபு, நிலக்கரியிலிருந்து தார் காய்ச்சிக் கப்பலடிக்குப் பூசலாம் என்று கண்டுபிடித்தவர். அதுபோன்ற ஆராய்ச்சிகளிலேயே சொத்தையெல்லாம் கரைத்தார். மகனுக்குத் தெரிந்த ஒரே வருமான வழி கடல். பிடிபட்ட எதிரிக் கப்பலையும் சரக்கையும் விற்று, வந்த பணத்தை எட்டுப் பங்காக்குவது அன்றைய பிரிட்டிஷ் கடற்படை வழக்கம். மூன்று பங்கு கேப்டனுக்கு. அதில் ஒன்று மேலே இருக்கும் அட்மிரலுக்குப் போய்விடும். சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு பங்கு. கடற்போர் நாவல்களில் வரும் வீரதீரங்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காக்ரேன் அதை மறைத்ததே இல்லை. எனக்கு அவரிடம் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

ஸ்பீடி ஸ்பெயின் கரையோரம் சரக்குக் கப்பல்களை அள்ளத் தொடங்கியது. வணிகர்கள் புலம்ப, அதைப் பிடிக்கவே ஸ்பெயின் கப்பல்களை அனுப்பியது. காக்ரேன் ஸ்பீடிக்கு டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றைப் போல வண்ணம் பூசினார். டேனிஷ் மொழி தெரிந்த ஒருவனை வேலைக்கு வைத்து, அதிகாரி உடுப்பும் மாட்டிவிட்டார். 1800 டிசம்பரில் பெரிய ஸ்பானியக் கப்பலொன்று நெருங்கிவந்து படகு அனுப்பியது. மஞ்சள் கொடி ஏறியது. ‘கொள்ளைநோய் பரவிய வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வருகிறோம்’ என்றான் அந்த டேனிஷ்காரன். படகு வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று. இன்னொரு முறை, இரவில் துரத்தி வந்த கப்பலை ஏமாற்ற, விளக்கேற்றிய தொட்டி ஒன்றைக் கடலில் மிதக்கவிட்டு, தன் விளக்குகளை அணைத்துவிட்டு வேறு திசையில் நழுவினார். 2003-இல் வந்த ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கு ஞாபகம் இருக்கும்.

மாலுமிகளுக்கோ மனக்குறை. டிசம்பரில் கைக்கெட்டிய கப்பலோடு மோதாமல் தந்திரம் பண்ணித் தப்பித்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த முணுமுணுப்பு காக்ரேன் காதுக்கும் எட்டியிருந்தது.

1801 மே 6, பார்சிலோனாவுக்கு வெளியே விடிந்தபோது எதிரே நின்றது ‘எல் காமோ’. ஷெபெக் வகையைச் சேர்ந்த மூன்று பாய்மரக் கப்பல், 32 பீரங்கி, 319 ஆட்கள். ஒரு வீச்சுக்கு 190 பவுண்டு இரும்பு. பிடித்த கப்பல்களைத் துறைமுகம் சேர்க்க ஆட்களை அனுப்பிவிட்டதால் ஸ்பீடியில் எஞ்சியவர்கள், சிறுவர்களையும் சேர்த்து, 54 பேர்.

காக்ரேன் விலகி ஓடவில்லை. அமெரிக்கக் கொடியை ஏற்றினார். ஸ்பானியர்கள் குழம்பிய அந்தச் சிறு பொழுதில் சாதகமான பக்கத்துக்குக் கப்பலைத் திருப்பிக்கொண்டு, பிறகு பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். சுடாமலேயே காமோவின் பக்கவாட்டில் போய் ஒட்டி, அதன் கயிறுகளில் தன் பருமல்கள் சிக்கிக்கொள்ளும்படி கப்பலை நிறுத்தினார். இங்கேதான் ஸ்பீடியின் குள்ளம் உதவியது. காமோவின் பீரங்கிகள் உயரத்தில் இருந்தன. எவ்வளவு தாழ்த்தினாலும் அவற்றின் குண்டுகள் ஸ்பீடியின் தலைக்கு மேலே பாய்களைத்தான் கிழித்தன. ஸ்பீடியின் ஆட்கள் ஒவ்வொரு பீரங்கியிலும் மும்மூன்று குண்டுகளை அடைத்து, வாயை மேல்நோக்கித் தூக்கி, காமோவின் தளத்தைக் கீழிருந்து துளைத்தார்கள். முதல் வீச்சிலேயே ஸ்பானிய கேப்டன் தெ தோரஸ் செத்து விழுந்தார். ஸ்பானியர்கள் ஸ்பீடிக்குள் குதிக்கத் திரளும்போதெல்லாம் காக்ரேன் கப்பலைச் சற்று விலக்கினார். கும்பலாக நின்றவர்கள் மீது ஒரு வீச்சு, மறுபடி ஒட்டுதல்.

இப்படியே நாள் முழுக்க நீட்ட முடியாது. பாயும் கயிறும் கந்தலாகிக்கொண்டிருந்தன. எதிரிக் கப்பலில் ஏறுவதென்று முடிவானது. சுக்கானைப் பிடிக்க மருத்துவர் ஜேம்ஸ் கத்ரி ஒருவர் மட்டும். மற்ற எல்லோரும் காமோவில் ஏறினார்கள். ஒரு பகுதியினர் முகத்தில் கரி பூசிக்கொண்டு அணியத்தின் வழியாக ஏறினார்கள். புகைக்குள்ளிருந்து அந்த முகங்கள் கிளம்பியதும் ஸ்பானியர்கள் ஒரு கணம் திகைத்து நிற்க, நடுத்தளத்தில் ஏறிய காக்ரேனின் ஆட்கள் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். கைகலப்பின் நடுவே காக்ரேன் கத்ரியைப் பார்த்து, இன்னும் 50 பேரை அனுப்பச் சொல்லிக் கத்தினார். அங்கே 50 பேர் ஏது? கேட்ட ஸ்பானியர்களுக்கு அது தெரியாதே. அதே நேரத்தில் ஒரு மாலுமி நைசாகப் போய் ஸ்பானியக் கொடியை இறக்கினான். தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டார்கள் என்று நம்பி மற்றவர்கள் ஆயுதத்தைப் போட்டார்கள்.

காமோவில் 15 பேர் இறந்தார்கள், 41 பேருக்குக் காயம். ஸ்பீடியில் 3 சாவு, 8 காயம். கையில் இருந்ததோ காயமில்லாத 263 கைதிகள். காவலுக்கு நாற்பது சொச்சம் பேர். கைதிகளைக் கீழறையில் அடைத்து, அவர்களுடைய பீரங்கிகளையே வாசலுக்கு நேராகத் திருப்பி, கொளுத்திய திரியுடன் ஆளை நிறுத்திவைத்து மஹோன் வந்து சேர்ந்தார்கள்.

பரிசு? காமோவைக் கடற்படை வாங்கவில்லை. அல்ஜியர்ஸுக்கு அற்பத் தொகைக்கு விற்றார்கள். காக்ரேனின் பதவி உயர்வு இழுபறியானது. ஆகஸ்ட் 8-ஆம் தேதியிட்டுத்தான் வந்தது. மூப்பு வரிசையில்தான் கடற்படை வாழ்க்கையே என்பதால் அந்த மூன்று மாதம் அவருக்கு ஆறாத வடு. காயம்பட்ட லெப்டினென்ட் பார்க்கருக்கும் உயர்வு கேட்டார். சாவு எண்ணிக்கை போதாது என்று கடற்படைத் தலைமை, அதாவது செயின்ட் வின்சென்ட் பிரபு, மறுத்ததாகக் காக்ரேன் எழுதுகிறார். ‘உங்களுக்குப் பிரபுப் பட்டம் வாங்கித் தந்த 1797 போரில் உங்கள் விக்டரி கப்பலில் செத்தது ஒரே ஆள்தானே’ என்ற பொருளில் இவர் பதில் போட்டார். சரியான கணக்குதான். ஆனால் மேலதிகாரிக்கு எழுதுகிற கடிதமா அது? இது அவர் 1860-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சொல்வது. தன் மனக்குறைகளை அரை நூற்றாண்டு அடைகாத்தவரின் புத்தகம் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

இதை நாவலாசிரியர்கள் விடுவார்களா? பதினான்கு வயதில் காக்ரேனின் ‘இம்பீரியஸ்’ கப்பலில் சேர்ந்த ஃபிரெடரிக் மேரியட், பின்னாளில் எழுத்தாளராகித் தன் கேப்டனின் சாகசங்களைக் கதைகளில் இறக்கினார். சி. எஸ். ஃபாரஸ்டரின் நாவல் நாயகன் ஹார்ன்புளோயர் 1937-இல் வந்தார். பேட்ரிக் ஓ’பிரையன் 1969-இல் எழுதிய ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ நாவலில் ஸ்பீடி ‘சோஃபி’ ஆகிறது, காமோ ‘ககாஃபுவேகோ’ ஆகிறது; சுக்கான் பிடிக்கும் மருத்துவர்கூட இருக்கிறார். சண்டையில் கூட்டிச் சொல்ல அவருக்கு அதிகம் தேவைப்படவில்லை. ஆளைத்தான் மாற்றினார். அவருடைய ஜாக் ஆப்ரி வயலின் வாசிப்பவர், சிரித்துப் பேசுபவர், நண்பர்களுக்கு இனியவர். காக்ரேனின் கசப்பும் கடித யுத்தமும் ஆப்ரிக்கு ஒட்டவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு இருபது நாவல் பயணம் செய்ய வாசகருக்குப் பொறுமை இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிஜக் கதைக்குத் திரும்பினால், 1801 ஜூலை 3-ஆம் தேதி மூன்று பிரெஞ்சுப் பெருங்கப்பல்கள் ஸ்பீடியை வளைத்தன. பீரங்கிகளைக் கடலில் வீசி, எடையைக் குறைத்து ஓடிப்பார்த்தும் பயனில்லை. ‘தெசே’ கப்பலின் கேப்டன் பாலியே, காக்ரேன் நீட்டிய வாளை வாங்க மறுத்தார். கைதியானாலும் இடுப்பிலேயே இருக்கட்டும் என்றார். அதற்குள் 13 மாதத்தில் ஸ்பீடி பிடித்த கப்பல்கள் 50-க்கும் மேல்.

எதிரி வாங்க மறுத்த மரியாதையைச் சொந்த நாடு பிடுங்கியது 1814-இல். நெப்போலியன் செத்துவிட்டான் என்று லண்டனில் ஒரு வதந்தி, எகிறிய பங்குச் சந்தை, குற்றவாளிக் கூண்டில் காக்ரேன். ஓ’பிரையன் அந்த வழக்கையும் ஆப்ரியின் தலையில் கட்டினார். ஆனால் நாவலின் ஆப்ரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரபராதி. காக்ரேன் நிரபராதியா என்ற வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.

(தொடரும்)