மெய்ப்பாடும் மிஸ்டு காலும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் உணர்ச்சிக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்தது. நகை, அழுகை, அச்சம், வெகுளி என எட்டு. மெய்யில், அதாவது உடம்பில், பட்டுத் தெரிவதுதான் உணர்ச்சி என்பது அதன் கணக்கு. இன்று ‘வர்ச்சுவல்’ என்பதற்கு நாம் புழங்கும் சொல் ‘மெய்நிகர்’. மெய் இல்லை, அதற்கு நிகராக ஏதோ இருக்கிறது. எதிரே உடம்பு இல்லாதபோது அழுகையை எப்படி அறிவது? சம்மதத்தை எதைக்கொண்டு உறுதி செய்வது? இந்தக் கேள்வி செல்போனோடு வந்ததல்ல என்பதே என் வாதம்.

நான் இருப்பது வேலப்பன்சாவடியில். பூந்தமல்லி வட்டாரத்தில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிப் பெயர்கள் நிறைய. சாவடி வழிப்போக்கர் தங்குமிடம். ஊர் கூடி வழக்குப் பேசும் இடமும்கூட. ஒத்துக்கொள்ளாதவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவான். மறுப்பு எல்லோர் கண்ணிலும் படும். இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்த சாதி எது, கீழே கைகட்டி நின்ற சாதி எது, பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் ‘ஊர் ஒத்துக்கிச்சு’ என்ற வாக்கியம் ஆட்டம் கண்டுவிடும். வற்புறுத்தலற்ற உரையாடலில் பிறக்கும் உடன்பாடு பற்றி ஹேபர்மாஸ் 1981இல் விரிவாக எழுதினார். சாவடியில் வற்புறுத்தல் திண்ணையின் உயரத்திலேயே இருந்தது. மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் நேருக்கு நேர் பேச்சிலேயே உண்டு.

1850களில் இந்தியப் பொதுமக்களுக்கு வந்த தந்தி 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. சொல்லை எண்ணிக் காசு வாங்கியதால் உணர்ச்சியும் சுருங்கியது. வாழ்த்து வாசகங்களைத் துறையே எழுதி எண் போட்டு வைத்திருந்தது. தீபாவளிக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண். அரசு தயாரித்துக் கொடுத்த மெய்ப்பாடு என்று இதைச் சொல்லலாம். சாவுக்கோ ஜனங்கள் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ‘அப்பா சீரியஸ், உடனே வரவும்’ என்று வந்தால் ‘போய்ட்டார்’ என்றே பல வீடுகளில் வாசித்தார்கள். எங்கும் எழுதிவைக்கப்படாத அகராதி அது. தந்திக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தியதுமே, பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி எழுந்த வீடுகளும் உண்டு. உள்ளே வேலை கிடைத்த செய்திகூட இருந்திருக்கும்.

இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. முதலில் வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே முதல் அழைப்பவரே கட்டும் முறை வந்தது. இந்தக் கட்டண வரலாற்றின் ஓரத்தில் ஜனங்கள் கண்டுபிடித்ததுதான் மிஸ்டு கால். ‘ஒரு ரிங் விட்டா கிளம்பிட்டேன், ரெண்டு விட்டா பஸ் ஏறிட்டேன்.’ எங்கள் பஸ் நிறுத்தத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இப்படி ரிங் விட்டு வைப்பதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். இதில் சொல் இல்லை, காசு இல்லை, கம்பெனி கொடுத்த பட்டியலும் இல்லை. ரெண்டு பேர் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதுதான் அர்த்தம். வீட்டில் போன் பேச விடாத பெண்ணும் அழைப்பைத் துண்டித்தே பதில் சொன்னாள். சாவடியில் இடம் கிடைக்காதவளுக்கு இங்கே ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வழி இருந்தது.

இன்று பட்டியல் திரும்ப வந்திருக்கிறது, மஞ்சள் முகங்களாகவும் கட்டைவிரலாகவும். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு விவசாயி, ஆளிவிதை ஒப்பந்தத்தை உறுதி செய்யச் சொல்லி வந்த செய்திக்குக் கட்டைவிரல் குறி அனுப்பினார். ‘கிடைத்தது’ என்றுதான் சொன்னேன் என்பது அவர் தரப்பு. 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்று தீர்மானித்து 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. முன்பும் அவர் ‘சரி’ என்பது மாதிரி ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிச் சரக்கு கொடுத்தவர் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. குறிக்கு அர்த்தம் தந்தது அந்த இருவரின் பழைய புழக்கமே.

அப்படியொரு புழக்கமே இல்லாத இருநூறு பேர் வாட்ஸப் குழுவில் என்ன ஆகிறது? நாலு கட்டைவிரல், மிச்சப் பேர் மௌனம்; ‘எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க’ என்று முடிவாகிறது. சாவடியின் மௌனமும் தந்தியின் எண்ணும் இங்கே ஒன்று சேர்கின்றன. துண்டை உதறி எழுவதற்குக் கிடைத்த ஒரே குறி, ‘வெளியேறினார்’ என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த வரி. 2022க்குப் பிறகு அந்த அறிவிப்பும் குழு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகிறது. இன்னும் நூறு முகங்களைச் சேர்ப்பதால் இது தீராது. மறுப்பை எந்தக் குறியால் சொல்வது என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாத கூட்டத்தில் உடன்பாடு என்பது, எழுந்து போனவர்களை எண்ணாத கணக்கு.