புதிய தோல் மேற்சட்டைக்குப் பழைய தோற்றம் அளித்தல்

லெதர் ஜாக்கெட் என்று பரவலாக அறியப்படும் தோல் மேற்சட்டை, நெடுநாள் அணியும்போது முழங்கை, மணிக்கட்டு, கழுத்துப்பட்டை, பையின் விளிம்பு ஆகிய இடங்களில் நிறம் மங்கி, மடிப்பு விழுந்து, மென்மையடையும். இத்தோற்றத்தை உலகின் பல பகுதிகளில் மக்கள் அழகாகக் கருதுகின்றனர். ஆண்டுக்கணக்கில் அணிந்து பெறவேண்டிய இதைச் சில நாள்களில் வீட்டிலேயே உண்டாக்கும் வழக்கமும் உள்ளது. இவ்வழக்கத்தின் பின்னணியில் தோல் பதனிடும் தொழில், போர், திரைப்படம், தொழிலாளர் உடல்நலம் ஆகியவை அடங்கிய வரலாறு இருக்கிறது.

முன்னோடிகள்

புத்தாடையைப் பழையதுபோல் ஆக்கும் ஆசை இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் பார்பே டோர்வில்லி, ஆங்கிலேய நாகரிகப் பிரமுகரான பிரம்மெல் குறித்து 1845இல் எழுதிய நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். அக்காலத்து நாகரிக இளைஞர்கள் சிலர், புதிய ஆடையைக் கூர்மையான கண்ணாடித் துண்டால் தேய்த்து, நூல் தெரியும் அளவுக்கு மெலியச் செய்து அணிந்தனராம். புதுப்பணம் படைத்தவர்தான் மடிப்புக் கலையாத புத்தாடையில் வருவார், பரம்பரைச் செல்வருக்கு அந்தப் பளபளப்புத் தேவையில்லை என்ற எண்ணம் இதனுள் அடங்கியிருந்தது.

விமானிகளின் மேற்சட்டை

தோல் மேற்சட்டையின் தேய்மானத்துக்குப் பெருமை சேர்த்தது விமானப்படை. அமெரிக்க இராணுவ வான்படை 1931இல் ஏ-2 என்னும் மேற்சட்டையைத் தன் விமானிகளுக்குரிய உடையாக ஏற்றது. இதில் பெரும்பாலானவை குதிரைத் தோலாலும் சில ஆட்டுத் தோலாலும் தைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943 அளவில், துணியாலான மேற்சட்டைகள் இதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் விமானிகள் பழைய ஏ-2வை எளிதில் கைவிடவில்லை. முதுகில் வரைந்த ஓவியங்களும், பறந்த பயணங்களைக் குறிக்கும் குண்டு உருவங்களும், உரிந்த விளிம்புகளும் அணிந்தவரின் பணிக்காலத்தைப் பிறருக்கு உணர்த்தின. புதிய மேற்சட்டை அணிந்தவர் புதிதாய் வந்தவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

குடிமக்களிடையே தோல் மேற்சட்டையைப் பரப்பியதில் மோட்டார் சைக்கிளுக்கும் பங்குண்டு. நியூயார்க்கின் இர்விங் ஷாட் 1928இல் பெர்ஃபெக்டோ என்ற மேற்சட்டையை 5.50 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1953இல் வெளியான 'தி வைல்ட் ஒன்' திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ இவ்வகை மேற்சட்டையை அணிந்து நடித்தபின், அது இளைஞரின் எதிர்ப்புணர்வுக்கு அடையாளமாயிற்று.

திரைப்படத்துக்காகப் பழையதாக்கிய மேற்சட்டை

புதிய மேற்சட்டையைத் திட்டமிட்டுப் பழையதாக்கியதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு, 1981இல் வெளியான 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. கதாநாயகன் இந்தியானா ஜோன்ஸ் பல நாடுகளில் அலைந்த தொல்லியலாளர். அவர் அணிவது நேற்றுத் தைத்த சட்டைபோல் தெரிந்தால் கதை நம்பும்படி இராது. சண்டைக் காட்சிகளுக்காக ஒரே மாதிரியான பல பிரதிகளும் தேவைப்பட்டன. உடை வடிவமைப்பாளர் டெபோரா நடூல்மன், படப்பிடிப்புக்குச் சற்று முன்பு, சுவிஸ் மடக்குக் கத்தியாலும் கம்பித் தூரிகையாலும் அவற்றைத் தாமே சுரண்டிப் பழையதாக்கினார். இப்படத்துக்குப் பின் அதேபோன்ற மேற்சட்டையை வாங்கி வீட்டில் தேய்த்துப் பார்க்கும் ரசிகர்கள் பெருகினர்.

எல்லாத் தோலும் ஒரேவிதமாய் முதுமையடையாதது ஏன்?

தேய்த்துப் பார்த்த பலர் ஏமாற்றமும் அடைந்தனர். இதற்கான காரணம் பதனிடும் முறையில் உள்ளது.

மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புப் பொருளால் பதனிடுவது பழைய முறை. இது முடிய வாரங்கள், சில தோல்களுக்கு மாதங்கள்கூட ஆகும். இத்தோல் வெயிலிலும், கைபட்ட எண்ணெய்ப் பசையாலும் மெல்ல நிறம் ஆழ்ந்து வரும். உட்பகுதியும் பழுப்பாகவே இருப்பதால், மேற்பரப்பு உரிந்தாலும் இயல்பான நிறம் வெளிப்படும். கறுப்புச் சாயத்தை மேலே மட்டும் ஏற்றி, தேயத்தேய உள்ளிருக்கும் பழுப்பு தெரியும்படி செய்த தோலை 'டீகோர்' என்கின்றனர். பழைய விமானப்படை உடைகளை மறுபடி உருவாக்கும் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் இதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர்.

குரோமிய உப்பால் பதனிடுவது பிந்திய முறை. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். தோல் மென்மையாகவும் வெப்பம் தாங்குவதாகவும் இருக்கும். ஆனால் சாயம் ஏற்றுமுன் அது நீலச் சாம்பல் நிறம் கொண்டது. சாயம் உள்வரை இறங்காத குரோமியத் தோலைச் சுரண்டினால், பழுப்புக்கு மாறாக வெளிறிய சாம்பல் எட்டிப் பார்க்கும். போலித்தனம் வெளிப்படுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். மேலே தடித்த வண்ணப்பூச்சு பூசிய தோலோ மங்காமல் செதில்செதிலாக உரியும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

ஆவாரம்பட்டையால் பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்பது அவற்றின் வணிகப் பெயர். ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும் இயல்புடையது. அதைக் குறைக்கவே இறுதியில் கடுக்காய் நீரில் ஊறவைத்தனர். ஒரு தோல் எப்படி முதுமையடையும் என்பதைத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்து முன்கூட்டியே கட்டுப்படுத்தினர் என்பதற்கு இது சான்று.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடல் சோதனைகளை நடத்தினார். பின்னர் பல்லாவரம் அருகே தொடங்கப்பட்ட குரோம் லெதர் ஆலையின் பெயரே குரோம்பேட்டை என நிலைத்தது. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. இவ்வளர்ச்சிக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலமும் நீரும் கெட்டதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிசெய்து தீர்ப்பளித்தது.

வீட்டில் கையாளும் முறை

அனுபவமுள்ளோர் முதலில் செய்வது அணிவது. சில வாரங்கள் அணிந்தால் மடிப்பு எங்கே விழுகிறது, எந்த விளிம்பு உரசுகிறது என்பது தெரியும். பிறகு இலேசாக நீர் தெளித்து, ஈரம் உலரும்வரை அணிந்திருந்தால் முழங்கை மடிப்பு உடலுக்கேற்பப் பதியும். அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ உலர்த்தக் கூடாது. ஈரத்தோல் சூடேறினால் சுருங்கி விறைக்கும், மறுபடி நிமிராது.

அடுத்து, சட்டையின் உள்மடிப்பில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் சோதித்தபின், நைசான உப்புத்தாளால் தையலோரம், பை வாய், மணிக்கட்டு விளிம்பு ஆகியவற்றை மட்டும் மெல்லத் தேய்ப்பர். முதுகின் நடுவிலும் அக்குளிலும் தேய்ப்பது தவறு. இயல்பாக அங்கே உரசல் குறைவு. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் மேற்பூச்சு சற்றுக் கரையும். இதை ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யவேண்டும். தேய்க்கும்போது எழும் தூசு மூக்கில் புகாதபடி முகக்கவசம் அணிவது கட்டாயம். இறுதியில் தோலுக்கென விற்கும் கிரீமைச் சிறிதளவு பூசுவர். சமையல் எண்ணெய் தோலைக் கறுப்பாக்கி நாளடைவில் சிக்கு வாடை வீசச் செய்யும்.

ரெக்சின் போன்ற செயற்கைப் பொருள்களுக்கு இம்முறைகள் பயன்படா. அவை தேய்ந்தால் அடியிலுள்ள துணிதான் தெரியும்.

தேய்மானமும் சிதைவும்

அழகிய தேய்மானம் வேறு, சிதைவு வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவரப் பொருளால் பதனிட்ட தோல் பலவும் கரிப்புகையிலுள்ள கந்தக வாயுவால் செம்பொடியாக உதிர்ந்தன. நூலகங்களில் பழைய நூல்களின் தோலட்டை கையில் ஒட்டுவது இதனாலேயே. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்த மேற்சட்டையில் பூஞ்சை பிடிப்பதும் சிதைவே. காற்றோட்டமான இடத்தில் அகலமான மாட்டியில் தொங்கவிடுவது நல்லது.

தொழிலாளர் நலன்

பழைய தோற்றம் ஆலைகளில் பெருமளவில் உற்பத்தியானபோது அதன் ஆபத்தும் வெளிப்பட்டது. ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்ய மணலைப் பீய்ச்சியடிக்கும் முறையால், துருக்கியில் இளந்தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். பலர் இறந்தனர். அந்நாட்டு அரசு 2009இல் இம்முறைக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு லீவைஸ், எச் அண்ட் எம் ஆகிய நிறுவனங்களும் இதைக் கைவிடுவதாக அறிவித்தன. யாரோ ஒருவர் முன்பே தேய்த்து வைத்த ஆடையை வாங்குவோர், அந்தத் தூசு யாருடைய நெஞ்சில் படிந்தது என்று அறியமாட்டார். வீட்டில் தம் மேற்சட்டையைத் தாமே தேய்ப்பவருக்கு அந்தத் தூசு கண்முன்னே தெரிகிறது. அணிந்தே பழையதாக்குபவருக்கோ தூசே இல்லை. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் போதும்.