ஒரே டிஸ்கில் இரண்டு சர்வர் எழுதினால்?

கூகுள் டாக்ஸில் நாலு பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதிப் பழகிய தலைமுறை நாம். அதனால் "ஒரே டிஸ்கை இரண்டு சர்வரோடு இணைத்தால் என்ன ஆகும்?" என்று யாராவது கேட்டால், "இரண்டும் பயன்படுத்தும், அவ்வளவுதானே" என்று சொல்லத் தோன்றும். இணைப்பது உண்மையில் சுலபம்தான். 1960களிலேயே அதற்குக் கேபிளும் சுவிட்சும் இருந்தன. இணைத்த பிறகு தகவல் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அறுபது வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் ஒரு முக்கியமான பகுதியை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து டெக்சாஸ் வழியாகக் கலிஃபோர்னியா போன ஒருவர். அவரிடம் வருவதற்கு முன்னால் சிக்கல் என்னவென்று பார்த்துவிடுவோம்.

டிஸ்குக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் போட்ட பிளாக்குகள் மட்டும். "4,812-ஆம் பிளாக்கில் இதை எழுது", "90-ஆம் பிளாக்கைப் படித்துக் கொடு" என்றால் செய்யும். எந்த பிளாக் எந்த ஃபைலுக்குச் சொந்தம், எது காலி என்ற கணக்கை வைத்திருப்பது சர்வரில் ஓடும் ஃபைல் சிஸ்டம். லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டுமே, "இந்த டிஸ்க் எனக்கு மட்டும்தான்" என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. கணக்கை ஒருமுறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். யாராவது மாற்றியிருப்பார்களோ என்று திரும்பப் போய்ப் பார்க்காது.

இப்போது இரண்டு சர்வர். இரண்டின் மெமரியிலும் "4,812 காலி" என்று இருக்கிறது. ஒன்று அங்கே சம்பளப் பட்டியலை எழுதுகிறது. அடுத்த நிமிடம் மற்றது அதே இடத்தில் ஒரு படத்தை எழுதுகிறது. எரர் எதுவும் வராது. இரண்டு சர்வரும் "சேமித்தாயிற்று" என்றுதான் சொல்லும். பல நாள் கழித்து யாரோ திறக்கும்போது தெரியவரும். அதற்குள் பேக்கப்பிலும் கெட்ட பிரதியே ஏறியிருக்கலாம். கூகுள் டாக்ஸில் இது நடக்காததற்குக் காரணம், நீங்கள் யாரும் டிஸ்கில் நேராக எழுதுவதில்லை. நடுவில் இருக்கும் அவர்களுடைய சாஃப்ட்வேர் எல்லோருடைய எழுத்தையும் வாங்கி, வரிசைப்படுத்தி, பிறகு எழுதுகிறது.

இந்தத் தலைவலியை முதலில் பெரிய அளவில் பட்டவர்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். காப்பெலில் இருக்கும் நமக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. தலைக்கு மேலே டிஎஃப்டபிள்யூவுக்கு இறங்கும் விமானங்கள். காரில் கொஞ்ச நேரம் போனால் சவுத்லேக்கில் சேபர் கம்பெனியின் தலைமையகம். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து கட்டிய சேபர் டிக்கெட் அமைப்பு 1964-ல் முழு அளவில் ஓடத் தொடங்கியபோது இங்கே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐபிஎம் 7090 கணினிகள் இருந்தன. ஒன்று வேலை செய்யும். மற்றது, அது விழுந்தால் அந்த இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும். 1972-ல் சேபர் ஓக்லஹோமாவின் டல்சாவில் நிலத்தடி மையம் ஒன்றுக்கு, புதிய சிஸ்டம்/360 கணினிகளுக்கு மாறியது.

விமானப் பயணிகள் பெருகியதும் ஒரு கணினி போதவில்லை. பல மெயின்ஃபிரேம்கள், நடுவில் ஒரே டிஸ்க் கூட்டம் என்ற அமைப்பு வந்தது. டல்லாஸ் ஏஜென்ட்டும் சிகாகோ ஏஜென்ட்டும் ஒரே ஜன்னல் சீட்டை ஒரே நொடியில் விற்றால் என்ன செய்வது? ஐபிஎம் முதலில் கொடுத்த பதில் 'ரிசர்வ்' என்ற கட்டளை. ஒரு கணினி அதைச் சொன்னால் முழு டிஸ்கும் அதற்கே. வேலை முடித்து விடுவிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரு ஆள் குளிப்பதற்காக வீடு முழுவதையும் பூட்டுகிற மாதிரி! பத்திரமானது, ஆனால் மெதுவானது. அதனால் விமான முன்பதிவுக்கான டிபிஎஃப் இயக்க அமைப்புக்காக, டிஸ்க் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே சின்னச் சின்னப் பூட்டுகளை வைத்தார்கள். முழு டிஸ்குக்குப் பதிலாக ஒரே ஒரு பதிவைப் பூட்டினால் போதும்.

அடுத்த பெரிய படி 1983-ல். மாசசூசெட்ஸின் டெக் கம்பெனி 'வாக்ஸ்கிளஸ்டர்' என்ற அமைப்பை அறிவித்தது. (இந்த டெக்கை 1998-ல் வாங்கியது நம் ஹூஸ்டனின் காம்பாக்.) பல வாக்ஸ் கணினிகள் ஒரே டிஸ்குகளைப் பகிர்ந்துகொள்ளும். பூட்டு வேலையை டிஸ்கிடமிருந்து எடுத்து, கணினிகளே தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் 'லாக் மேனேஜர்' என்ற சாஃப்ட்வேரிடம் கொடுத்தார்கள்.

தாத்தா பாட்டி ஊர்ப்பக்கம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. நிலத்துக்காரர் யாரும் தன் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. லாக் மேனேஜர் ஏறக்குறைய அதுதான். வாக்ஸ்கிளஸ்டரில் அந்த வேலையை ஒரே கணினியிடம் விடாமல் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டார்கள். பூட்டிலும் பல வகை: "நான் படிக்க மட்டும், மற்றவர்களும் படிக்கலாம்" என்பதிலிருந்து "நான் முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது" என்பதுவரை ஆறு நிலைகள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு பூட்டோடும் ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்து வைக்கலாம். அதில் ஒரு பதிப்பு எண்ணை எழுதிவிட்டால், அடுத்துப் பூட்டை வாங்குகிற கணினி தன் மெமரியில் இருக்கும் பிரதி பழசா புதுசா என்று உடனே கண்டுபிடித்துவிடும். மேலே சொன்ன "4,812 காலி" குழப்பத்துக்கு நேரான மருந்து இது.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் பூட்டை வைத்திருக்கும் கணினி திடீரென்று பேசாமல் போனால்? செத்துப்போயிருக்கலாம். அல்லது நெட்வொர்க் கேபிள் மட்டும் அறுந்து, அது உயிரோடு டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான். "செத்துவிட்டது" என்று நம்பி அதன் பூட்டை இன்னொன்றுக்குக் கொடுத்தால், பிறகு இரண்டும் எழுதும். இதற்கு இரண்டு பதில்கள் உருவாயின. முதலாவது ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு இருக்கும் பக்கம்தான் தொடரலாம். சிறுபான்மைப் பக்கம் அப்படியே நிற்க வேண்டும். வாக்ஸ்கிளஸ்டர் இதைத்தான் செய்தது. இரண்டே கணினி என்றால் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? அதற்காக டிஸ்குக்கும் ஒரு ஓட்டு கொடுத்தார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் முரட்டுத்தனமானது: சந்தேகம் வந்தால் கொன்றுவிடு. மௌனமான சர்வரின் மின்சாரத்தை வேறு வழியாக அணைத்துவிட்டு, அணைந்தது உறுதியானபின் அதன் பூட்டை எடு. லினக்ஸ்காரர்கள் இதற்கு 'ஸ்டோனித்' என்று பெயர் வைத்தார்கள். விரித்தால் "மற்ற சர்வரைத் தலையில் சுடு" என்று அர்த்தம் வரும். மரியாதையான பெயர் 'ஃபென்சிங்', அதாவது வேலி. மின்சாரத்தை அணைக்காமல், டிஸ்கிடமே "இந்த சர்வர் சொன்னால் இனிக் கேட்காதே" என்று சொல்லும் வழியும் ஸ்கஸி தரத்தில் வந்தது. ஒவ்வொரு சர்வரும் ஒரு சாவி எண்ணைப் பதிவு செய்யும். மற்றவர்கள் அந்தச் சாவியை ரத்து செய்தால் அதன் எழுத்தை டிஸ்க் ஏற்காது. நம் வீடுகளில் பல அப்பா அம்மாக்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற போன்களில் சில இந்த வேலி சம்பந்தப்பட்டவை. கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும்.

சரி, செத்த சர்வரைத் தள்ளியாயிற்று. அது பாதியில் விட்ட வேலை? ஒரு கணக்கில் பணத்தைக் கழித்துவிட்டு, இன்னொன்றில் சேர்ப்பதற்குள் செத்திருந்தால்? இங்கேதான் சி. மோகன் வருகிறார். 1955-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐஐடி மெட்ராஸில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். அங்கே 1973-ல் ஐபிஎம் 370/155 மெயின்ஃபிரேம் வந்திருந்தது. 1977-ல் பட்டம் வாங்கி அமெரிக்கா வந்து, நம் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ல் கம்ப்யூட்டர் சயன்ஸில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு சான் ஹோசேயில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தவர், 2020-ல் ஓய்வு பெறும்வரை ஐபிஎம்மிலேயே இருந்தார்.

அவரும் நான்கு சக ஆய்வாளர்களும் 1992-ல் வெளியிட்ட முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். (ஏரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்கிறது.) எதையும் டிஸ்கில் மாற்றுவதற்கு முன் "இதை மாற்றப்போகிறேன்" என்று லாக் புத்தகத்தில் எழுதுவது பழைய வழக்கம். ஏரீஸின் புதுமை, விழுந்த பிறகு என்ன செய்வது என்பதில். எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிரித்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்காமல், முதலில் லாக்கில் இருக்கும் எல்லாவற்றையும், அரைகுறையாக நின்றதையும் சேர்த்து, மறுபடி செய்து விழுந்த நொடிக்கே திரும்பிப் போகிறது. 'வரலாற்றைத் திரும்ப நடத்துதல்' என்றே அதற்குப் பெயர். அதன்பிறகு முடியாதவற்றை மட்டும் பின்னோக்கிக் கழிக்கும்.

பல சர்வர், ஒரே டிஸ்க் என்றால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி லாக் புத்தகம். ஒரே பிளாக்கை முதலில் ஏ மாற்றியதா, பி மாற்றியதா? இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. மோகனும் இந்தர்பால் நரங்கும் 1990களின் தொடக்கத்தில் இதற்கு எழுதிய வழிகளில் ஒன்று அழகானது: எண்ணை பிளாக்கின் மேலேயே எழுதிவிடு. அடுத்து மாற்றுகிற சர்வர், பிளாக்கில் இருக்கும் எண்ணையும் தன் எண்ணையும் பார்த்து, இரண்டில் பெரியதைவிட ஒன்று கூட்டிப் போட வேண்டும். கடிகாரம் இல்லாமலே வரிசை கிடைத்துவிடும். ஐபிஎம்மின் டிபி2 மெயின்ஃபிரேம் டேட்டாபேஸ், 1994-ல் வந்த பேரலல் சிஸ்பிளெக்ஸ் கணினிகளில் ஒரே டேட்டாவைப் பகிர்ந்தபோது வேறு பாதையில் போனது. எல்லாக் கணினிக்கும் நேரம் சொல்ல ஒரு பொதுக் கடிகாரப் பெட்டியையே வைத்தார்கள். காசு இருந்தால் அதுவும் ஒரு வழி.

அதன்பிறகு நடந்ததைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 1990களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜிஎஃப்எஸ் என்ற பகிர்வு ஃபைல் சிஸ்டம் பிறந்தது. அவர்களும் முதலில் பூட்டை டிஸ்குக்குள்ளேயே வைத்தார்கள், பிறகு லாக் மேனேஜருக்கு மாறினார்கள். பே ஏரியாவின் விஎம்வேர் தன் ஃபைல் சிஸ்டத்தில் கணக்கைத் திருத்தும்போதெல்லாம் முழு டிஸ்கையும் பூட்டியது. 2010-ல்தான் சின்ன இடத்தை மட்டும் பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. மெயின்ஃபிரேம்காரர்கள் நடந்த அதே தெரு. 2006-ல் ஜிஎஃப்எஸ்2, ஆரக்கிளின் ஓசிஎஃப்எஸ்2 இரண்டும் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தன. அமேசான் 2020-ல் ஒரே இபிஎஸ் டிஸ்கை 16 சர்வர்வரை இணைக்க அனுமதித்தது. பூட்டு மட்டும் உங்கள் பொறுப்பு. எக்ஸ்ட்4 போட்டு இரண்டு பக்கமும் எழுதினால் 4,812-ஆம் பிளாக்கின் கதி இன்றும் அதேதான்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் மெஷின்களை உருவாக்குங்கள். நிலையான அளவில் ஒரு காலி டிஸ்க் செய்து, அதை 'ஷேரபிள்' என்று குறித்து இரண்டிலும் மாட்டுங்கள். எக்ஸ்ட்4 போட்டு, இரண்டிலும் மவுண்ட் செய்துவிட்டு, ஒன்றில் ஒரு ஃபைல் எழுதுங்கள். மற்றதில் தேடினால் இருக்காது. அங்கேயும் நாலைந்து ஃபைல் எழுதுங்கள். பிறகு இரண்டையும் அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே ஓட்டினால் வருகிற பட்டியலைப் படியுங்கள். குடும்ப ஃபோட்டோ எதுவும் இல்லாத டிஸ்காக இருக்கட்டும்.