அஞ்சற்கோல் முதல் ஆறிலக்கம் வரை

மின்னஞ்சல் என்னும் சொல்லை நாம் இன்று நாள்தோறும் வழங்குகிறோம். அதன் பிற்பாதியாகிய ‘அஞ்சல்’ மேற்குமலைத் தமிழர்க்குப் புதிய சொல்லன்று. தமிழகத்தில் நம் பாட்டனார் ‘தபால்’ என்று சொல்லிவந்த காலத்திலேயே திருவிதாங்கூர், கொச்சிச் சமஸ்தானங்களில் வாழ்ந்தோர் ‘அஞ்சல்’ என்று சொன்னார்கள். ஆங்கிலேய அரசின் தபாலுக்குப் புறம்பாக அவ்விரு சமஸ்தானங்களும் தாமே நடத்திவந்த கடிதப் போக்குவரத்துக்கு அதுவே பெயர். திருவிதாங்கூர் 1888-இல் சங்கு பொறித்த தலைகளை வெளியிட்டது. கொச்சி 1892-இல் தனக்கென வெளியிட்டது. மணி கட்டிய கோலை ஏந்திக் கடிதப் பையுடன் ஓடிவரும் அஞ்சலோட்டக்காரனுக்கு வழியிற் செல்வோர் ஒதுங்கி இடம் விடுவார்கள். 1951-இல் இந்த அஞ்சல் இந்தியத் தபாலுடன் இணைந்தது. அந்தப் பழைய அஞ்சலுக்கும், இன்று வயது முதிர்ந்த நம்மவர் மின்னஞ்சற் கணக்கொன்றைத் திறக்க முற்பட்டுப் ‘நீர் யார் என்று மெய்ப்பியும்’ என்னும் வாசகத்தின்முன் திகைத்து நிற்பதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனையே ஈண்டு சொல்லப் புகுகிறோம்.

முதலில் இடத்தைச் சற்று நினைவுகூர்வோம். பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதை ஒட்டிய சித்தூர் வட்டம் கொச்சி அரசருடையது. ஆகவே கொழிஞ்சாம்பாறையில் இருந்த ஒருவர் எர்ணாகுளத்துக்கு எழுதினால் கொச்சி அஞ்சலில் போடலாம். கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பொள்ளாச்சிக்கு எழுதினாலோ ஆங்கிலேயத் தபாலை நாட வேண்டும். தெற்கே மலைமேல் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை பரவ, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் கங்காணிமாரின் பின்னே மலையேறின. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அவை 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் அடங்கின. எல்லை நகர்ந்தாலும் மக்கள் நகரவில்லை. கடிதங்கள் மட்டும் முத்திரையை மாற்றிக்கொண்டன.

அக்காலத்தில் ஒருவர் இன்னார் என்பதை யார் சொன்னது? ஊர்தான் சொன்னது. தோட்டத்தில் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் ஒரே பெயருடையவர் பலர் இருந்தாலும், கங்காணி பெயரையும் தகப்பன் பெயரையும் கொண்டு கடிதம் உரியவரை அடைந்தது. 1880 முதல் இந்தியத் தபாலில் மணியார்டர் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்து அறியாதவர் கைந்நாட்டு வைப்பார். அறிந்தவர் ஒருவர் சாட்சி நிற்பார். பணம் கைக்கு வரும். தபால்காரர் முகமறிந்தவர். அவரறிவே சரிபார்ப்பு.

முகமறிவு போதாத இடங்களும் இருந்தன. வங்காளத்து ஹூக்ளியில் 1877-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி ஓய்வூதியம் பெறுவோரின் விரற்பதிவுகளை எடுத்து வைத்தார். இறந்தவர் பெயரில் உறவினர் பணம் வாங்குவதைத் தடுப்பது அவர் நோக்கம். இதே ஐயத்துக்கு விடையாக 2014-இல் நடுவணரசு ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்முறை வாழ்நாட் சான்றை ஏற்படுத்தியது. முதுமையிலும் கடும் உழைப்பிலும் விரல் வரிகள் தேய்ந்துவிடுகின்றன. நாற்பதாண்டு கொழுந்து பறித்த விரலைக் கருவி அறியாமற் போவது வியப்பன்று. பின்னர் முகத்தைக் கொண்டே சரிபார்க்கும் வசதியும் வந்தது. முகமறிந்த தபால்காரரிடம் தொடங்கி, விரலுக்குச் சென்று, மீண்டும் முகத்துக்கே வந்திருக்கிறோம்!

மின்னஞ்சலோ தொடக்கத்தில் எவரையும் யார் என்று கேட்டதில்லை. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் பெயரையும் கணிப்பொறியையும் இணைக்க ‘அட்’ குறியைத் தேர்ந்து, ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது, அவ்வலையில் இருந்தவர்கள் சிலரே, பெரும்பாலோர் ஆராய்ச்சியாளர். அதுவும் ஒரு சிற்றூர்தான். 1990-களின் நடுவில் எவரும் காசின்றிக் கணக்குத் திறக்கலாம் என்றானபின் சிற்றூர் பெருஞ்சந்தையாயிற்று. மனிதர் பெயரால் கணிநிரல்களே ஆயிரக்கணக்கிற் கணக்குத் திறந்து வேண்டாத மடல்களைக் குவித்தன. கோணல் எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொல்லும் சோதனை 2000-ஆம் ஆண்டளவில் பிறந்தது இதனாலேதான். அதற்கும் பின்னர், கைப்பேசிக்குச் சில இலக்கங்களை அனுப்பித் திரும்பக் கேட்கும் முறை பரவியது. ஆக, நம் பெரியவர்களை வாட்டும் அந்த ஆறிலக்கம் அவர்களை ஐயுற்று வந்ததன்று. திருடனுக்கு இட்ட வேலி. ஆயினும் அவ்வேலியில் முதலில் முட்டிக்கொள்பவர் கண் மங்கிய முதியவரே.

நம் குடும்பத்தில் நிகழ்ந்ததையே சொல்லலாம். நாம் வடக்கே நடுவணரசுப் பணியில் இருப்பவர்கள். கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தனியே வாழும் நம் அத்தைக்கு ஒரு விடுமுறையில் மின்னஞ்சற் கணக்குத் திறந்து கொடுத்தோம். விரைவாக முடியட்டும் என்று சரிபார்ப்பு எண்ணாக நம் கைப்பேசி எண்ணையே இட்டோம். பெருமையோடு ரயிலேறினோம். சில மாதங்களுக்குப் பின் அத்தை புதுக் கைப்பேசி வாங்கினார். கணக்கு ஆறிலக்கம் கேட்டது. அது நெடுந்தொலைவு கடந்து, அலுவலகக் கூட்டத்தில் மௌனமாக்கி வைத்திருந்த நம் சட்டைப் பைக்கு வந்தது. நாம் பார்த்துச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் மீண்டும் கேட்டார். புதிய இலக்கம் வந்தது. நாமோ பழையதைப் படித்துச் சொன்னோம். நான்காம் முறையில் கணக்குத் தற்காலிகமாகப் பூட்டிக்கொண்டது. தவறு அத்தையுடையதன்று, பொறியுடையதுமன்று. சாட்சி நிற்க வேண்டியவர் வேறு மாநிலத்தில் இருந்தார், அவ்வளவே.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் பலர் இவ்வாறு செய்திருப்பீர்கள் என்றே எண்ணுகிறோம். இதில் மற்றொரு கேடும் உண்டு, அதுவே பெரிது. ‘வந்த எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் மகனும் மருமகனும் கேட்டுக் கேட்டு, குரல் கேட்டதும் எண்ணைச் சொல்லும் பழக்கத்தை நாமே பெரியவர்களுக்கு ஊட்டிவிடுகிறோம். நாளை வங்கியின் பெயரால் ஒரு வஞ்சகன் பேசும்போது அவர்கள் தயங்குவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

சிக்கல்கள் பெரும்பாலும் எளியவை. முகவரியை இடும்போது இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பொறி ஏற்காது. நாட்டுக் குறியாகிய 91 முன்னரே இருக்க, பழைய பழக்கத்தில் எண்ணுக்குமுன் சுழியும் இடுவார்கள், இலக்கம் வாராது. பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கையில் விரல் வழுக்கி எழுபது வயதினர் ஏழு வயதுக் குழந்தையாகிவிடுவதும் உண்டு; அவ்வளவு இளையவருக்குத் தனிக் கணக்கு மறுக்கப்படும். சரிபார்ப்பு மடல் ஏற்கெனவே உள்ள வேறொரு முகவரிக்குச் செல்லுமாயின், அது வேண்டாத மடல்களின் அறையில் ஒதுங்கியிருக்கக் கூடும். அங்கே தேடல் வேண்டும். மலைச்சரிவில் அலை கிடைக்காத வீட்டில் இருந்தபடி இலக்கம் கேட்டு, அலை கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போவதற்குள் அது காலாவதியாகும். மேட்டுக்குப் போய்ப் பின் கேட்க வேண்டும். ஒருமுறைக்குமேல் கேட்டால் கடைசியாக வந்ததே பெரும்பாலும் செல்லும். பூட்டிக்கொண்டால் ஒருநாள் பொறுத்திருப்பதே மருந்து. மாதக்கணக்கில் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவருக்குச் சென்றுவிடலாம் ஆதலின், பேரனுடைய பழைய எண்ணைக் கணக்கில் விட்டுவைத்தல் ஆகாது.

மொழிச் சிக்கல் வேறு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையைத் தருகிறது. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திக்கு அச்சட்டம் எட்டவில்லை. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விழைகிறோம். ‘கடவுச்சொல்’ என்றபோது அத்தை அதை ஏதோ மந்திரம் என்று எண்ணினார். ‘கடவு என்றால் ஆற்றுக் கடவுதான்’ என்று நாம் விளக்கியதும் முகம் மலர்ந்தது. பாலக்காட்டுப் பக்கத்தில் ஆற்றில் இறங்கும் துறைக்குக் கடவு என்றே பெயர். கடக்கும் இடத்தில் சொல்ல வேண்டிய சொல் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நூறு குறிப்பேடுகள் செய்யாத வேலையை ஒரு துறை செய்தது!

கேரளம் இவ்வகையில் வாளா இருக்கவில்லை. 1991-இல் முழு எழுத்தறிவு எய்தியதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தபோது, அதனை அறிவித்தவர் முதுமையில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா. 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய ‘அட்சயா’ திட்டம் குடும்பத்துக்கு ஒருவரேனும் கணிப்பொறி அறிய வேண்டும் என்றது. 2015-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு நாட்டில் முதலாவதாக இணைத்த மாவட்டம் இடுக்கி. 2025 ஆகஸ்ட் 21-இல் முழு மின்னறிவு மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. பயிற்சி பெற்ற 21 லட்சத்துக்கு மேற்பட்டோரில் நூறு வயதைக் கடந்தவரும் இருந்தார். கைப்பேசியில் பேசவும் படம் எடுக்கவும் அரசுச் சேவைகளை நாடவும் கற்பித்தார்கள், பெருஞ்செயலே. எனினும் கணக்கு பூட்டிக்கொண்ட இரவில் எதைச் செய்வது என்பது, ஒரு முறை பூட்டிக்கொண்டபின்தான் கற்கப்படுகிறது.

அடுத்த விடுமுறையில் அத்தையின் கணக்கிலிருந்து நம் எண்ணை நீக்கி, அவருடைய எண்ணையே இட்டோம். அவசரத்துக்கு இரண்டாம் முகவரியாக, பக்கத்துத் தெருவில் வாழும் அவர் தங்கை மகளுடையதைச் சேர்த்தோம். கடவுச்சொல்லை அத்தை தம் கையால் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியில் வைத்தார். வீட்டுக்குள் அலை மங்கல். கிணற்றடியில் நன்றாகக் கிடைக்கிறது. ஆகவே கைப்பேசியும் கண்ணாடியும் முக்காலியும் கிணற்றடிக்குச் செல்ல வேண்டும் என்பது முடிவாயிற்று.

இரு மாதங்கள் கழித்து அத்தையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை என்ற செய்தி. நாம் உடனே தொலைபேசியில் அழைத்து, கணக்கு மறுபடியும் எண் கேட்டதா என்றோம். கேட்டது என்றார். என்ன எண் வந்தது என்று பழக்கத்தால் வினவினோம்.

“அதை யாருக்கும் சொல்லக் கூடாதென்று நீதானே கண்ணு சொன்னாய்” என்று கூறி, மழையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.